ரேச்சலின் கல்லூரியும் மரியதாஸ் அங்கிளின் மூன்று கேள்விகளும்

யூனியன்வில்லில் ஒரு விருந்து மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கனடாப் பழைய மாணவர் சங்கம் ஆண்டுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. செயலாளர் மரியதாஸ் அங்கிள் ஒலிவாங்கியை முழங்கை உயரத்தில் பிடித்துக்கொண்டு, ஒலிவாங்கி இல்லாமலே கடைசி மேசைக்கும் கேட்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது மட்டன் றோலில் இருந்தேன்.

"வெளியில ஆமியின்ர சென்றிப் பொயின்ரில அடையாள அட்டையைக் காட்டி நான் ஆர் எண்டு நிரூபிக்கவேணும். இடம்பெயர்ந்து வந்தவன், மன்னாரான், பேச்சும் ஒரு மாதிரி. அதெல்லாம் கேற்றுக்கு வெளியில. உள்ளுக்க வந்தா நான் கணக்கில பெயிலான பெடியன். அவ்வளவுதான். அந்த நிம்மதியை எனக்கு வேற ஒரு இடமும் தரேல்லை."

மண்டபம் கைதட்டியது. நான் றோலைக் கீழே வைத்தேன். இந்த மனிதர் தன் பள்ளிக்கூடத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, தன் மகளைப் போகக்கூடாது என்று மறித்துக்கொண்டிருக்கிற கல்லூரியைத்தான் இப்போது புகழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்தது. அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கவைப்பது என் கடமை என்று நினைத்தேன். நம் தொழிலில் நடக்கிற தவறுகளில் பாதி இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

ஸ்காபரோவில் நம் சமூக நிலையத்தின் மேசைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக விண்ணப்ப ஆலோசகர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஆறு வருடம் இருந்துவிட்டு, அடுத்த மாதம் பிறம்ரனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். முப்பது வயதில் ஓய்வுபெற்றவரைப் போல அறிவுரை சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கம் என்னை எப்போதும் தடுத்ததில்லை என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் கண்டுகொள்வீர்கள். படிவம் நிரப்புவது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இணையத்துக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ரேச்சலின் விடயம்.

ரேச்சல் ஒரு ஜனவரியில் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, வயது பதினேழு. அப்பா மரியதாஸ் மன்னார்க் கத்தோலிக்கர், களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளர். அம்மா மார்சியா ஜமேக்காவில் பிறந்த தாதி. ரேச்சலுக்கு நிறமும் முடியும் அம்மாவுடையவை. தமிழ் அப்பாவுடையது, அதிலும் கோபம் வந்தால் சுத்த மன்னார்.

அவள் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னாள். அமெரிக்காவில் மற்றப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், அவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகள் பல உண்டு. அவற்றில் ஒன்று. இன்று யாரும் சேரலாம். என்றாலும் படிப்பவர்களிலும் படிப்பிப்பவர்களிலும் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்.

நான் என் புகழ்பெற்ற அட்டவணையைத் திறந்தேன். பன்னிரண்டு நிரல்கள். தரவரிசை, ஆய்வுகூடம், பட்டம் முடித்தவர்களுக்கு வேலை, எல்லாம் பச்சை மஞ்சள் சிவப்பில். அந்தக் கல்லூரியின் வரிசையில் சிவப்பு கொஞ்சம் அதிகம்.

"பாரும் ரேச்சல், உம்மட மார்க்ஸுக்கு இஞ்சயே நல்ல இடம் கிடைக்கும். உலகத்தில இருக்கிற அத்தனை சனமும் ரொறன்ரோவில ஒரே பஸ்ஸில போகுது. எல்லாக் கதவும் திறந்திருக்கேக்க, ஏன் போய் ஒரே ஆக்களோட அடைஞ்சு இருக்கப்போறீர்?"

"நீங்கள் எங்க மிஸ் இருக்கிறீங்கள்?"

"மாக்கம் றோட்டில."

"உங்கட பில்டிங்கில எத்தினை பேர் தமிழாக்கள்?"

எங்கள் மாடியில் தமிழர் அல்லாத ஒரே குடும்பம் போன கோடையில் வீடு மாறிப் போய்விட்டது. "அது வேற விசயம்" என்றேன்.

"ஓகே மிஸ்" என்று எழுந்து போனாள். இந்த 'ஓகே மிஸ்' எந்த மொழியில் வந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: நீங்கள் தோற்றுவிட்டீர்கள், மரியாதைக்காகச் சொல்லவில்லை.

அவள் போனதும் பக்கத்து மேசைக்காரி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும். பெயர் போடக்கூடாது என்பது அவள் நிபந்தனை. கானாவிலிருந்து வந்த குடும்பம். வளர்ந்தது நம் ஸ்காபரோவில். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். நக்கலில் கொஞ்சம் வழியில் சிந்தியிருக்கும்.

"இரண்டு வருடமாக என் பக்கத்தில் இருக்கிறாய். என் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளாவது வாசித்தாயா?"

வாசித்தேன். ரேச்சல் சொன்ன அதே பெயர்.

"குளிருக்குப் போடுகிறாய் என்று நினைத்தேன்."

"குளிருக்குத்தான். நான்கு வருடப் படிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பிள்ளை என் சட்டையைப் பார்த்துத்தான் போன மாதம் என்னிடம் கேட்டாள். நீ உன் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிட்டாய்."

பிறகு தன் கதையைச் சொன்னாள். முதலில் ஒன்ராரியோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இருந்திருக்கிறாள். இரசாயன ஆய்வுகூடத்தில் கூட்டாளியாக வந்தவன் முதல் நாளே கேட்டானாம், எந்த விளையாட்டுக்காக உன்னை எடுத்தார்கள் என்று; கறுப்பினப் பெண் படிப்பால் வந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "அவன் கெட்டவனில்லை. அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் ஒரு அடியோடு முடிந்திருக்கும். அங்கே எனக்கு ஒரு சி கிடைத்தால், கானா முழுவதற்கும் சி கிடைத்த மாதிரி வெட்கமாக இருக்கும். வர்ஜீனியாவுக்குப் போனேன். அங்கேயும் இரசாயனத்தில் சி. ஆனால் அது என்னுடைய சி. பேராசிரியர், என் மாமியைப் போன்ற முகம், வழியில் மறித்து, 'நீ படிக்கவில்லை, எனக்குத் தெரியும்' என்று ஏசினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் ஏச்சு வாங்கியதில்லை."

அங்கே எல்லாம் தேனும் பாலும் இல்லை என்பதையும் சொன்னாள். விடுதியில் வெந்நீர் நினைத்தால்தான் வரும். ஒரு கையெழுத்துக்கு மூன்று அலுவலகம் ஏறவேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைகளின் அலட்டலும் உண்டு. இவற்றைச் சொல்லும்போதுதான் அவள் முகம் அதிகம் மலர்ந்தது.

இனி என் தவறு. நான் விரைவாகப் புரிந்துகொள்ளும் ஆள். விரைவாகப் புரிந்துகொள்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்த நாளே அவர்கள் மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரே கிழமையில் நான் மதம் மாறியவளைப் போல ஆனேன். வீட்டில், பஸ்ஸில், பிட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, எல்லாரிடமும் அந்தக் கல்லூரிகளின் பெருமை. ரேச்சலைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, விண்ணப்பத்தை அனுப்பவைத்தேன். மார்ச்சில் இடம் கிடைத்தது. படிப்புச் செலவின் பெரும்பங்கைத் தாங்களே ஏற்பதாகவும் எழுதியிருந்தார்கள். பதினெட்டு வயதாகாததால் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைசி நாள். மரியதாஸ் அங்கிள் முடியாது என்றார்.

நான் ஒரு சனிக்கிழமை காலை நாற்பத்திரண்டு ஸ்லைட்களுடன் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அமெரிக்காவின் அடிமை முறையிலிருந்து தொடங்கினேன். ஆறாவது ஸ்லைட்டில் மார்சியா தேநீர்க் கோப்பையோடு எழுந்தார். "என் சனத்தின் வரலாற்றை என் சோபாவில் என்னை இருத்திவைத்துப் படம் போட்டுக் காட்டிய முதல் ஆள் நீதான், மகளே. நன்றாக இருக்கிறது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் போகட்டும் என்பது என் முடிவு, அது அவளுக்குத் தெரியும்" என்று ரேச்சலின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் கணினியை மூடியிருக்க வேண்டும். இன்னும் முப்பத்தாறு ஸ்லைட் இருந்தன.

கடைசி ஸ்லைட் வரை மரியதாஸ் அங்கிள் கை கட்டிக்கொண்டு பார்த்தார். கூட்டங்களில் பழகிய பொறுமை.

"பிள்ளை, அந்தக் காலத்தில கதவைப் பூட்டி வச்சவங்கள், அதால அவை தங்களுக்கு ஒண்டைக் கட்டினவை. சரி. நான் தொப்பியைக் கழட்டுறன். இப்ப திறந்தாச்சல்லோ? திறந்த கதவால போகாம ஏன் சுத்திக்கொண்டு போகவேணும்? மற்றது, ரேச்சல் தமிழ்ப் பிள்ளை."

"அப்பா" என்றாள் ரேச்சல்.

"என்ன? இல்லையோ?"

ரேச்சல் மாடிக்குப் போய்விட்டாள். அங்கிள் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தார். "பள்ளிக்கூடம் எண்டா என்னெண்டு உமக்கு விளங்கேல்லை. வாற ஞாயிறு எங்கட கூட்டத்துக்கு வாரும். பாரும்."

அப்படித்தான் யூனியன்வில் மண்டபத்துக்குப் போனேன். பேச்சு முடிந்து கைதட்டல் அடங்கியபோது இன்னொன்றும் நடந்தது. ரேச்சல் ஆண்டறிக்கையை மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் மேசையில் இருந்த ஓர் அன்ரி அவளைப் பார்த்துவிட்டு, அவள் காது கேட்கவே என்னிடம் கேட்டார்: "இது ஆர்? கேற்றரிங்கில வந்த பிள்ளையோ?"

"இல்லை அன்ரி, செக்ரட்டரியின்ர பிள்ளை" என்றாள் ரேச்சல். "உங்களுக்கு இன்னொரு றோல் வேணுமோ?"

"ஐயோ! என்ன வடிவாத் தமிழ் கதைக்குது!"

"நீங்களும்தான் அன்ரி."

மேசை சிரித்தது. அன்ரியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. மரியதாஸ் அங்கிள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ஒலிவாங்கியின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சுருட்டிய வயர்.

நான் அதைக் கவனித்தேன், பயன்படுத்தவில்லை. எனக்குத்தான் அதைவிடப் பெரிய யோசனை ஒன்று கிடைத்துவிட்டதே. அன்று மாலையே அவர் பேச்சை நினைவிலிருந்து எழுதினேன். அவர் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்த இடமெல்லாம் வர்ஜீனியாக் கல்லூரியின் பெயரைப் போட்டேன். சென்றிப் பொயின்ற் வந்த இடத்தில் இரசாயன ஆய்வுகூடம். செவ்வாய்க்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும், சமையலறை மேசையில் வைத்து, அந்தக் கல்லூரியின் பழைய மாணவி ஒருவர் எழுதியது என்று சொல்லி வாசித்துக் காட்டினேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். வருத்தம் பிறகு வந்தது.

மூன்றாவது வரியில் அவர் கையை உயர்த்தினார்.

"ஆற்ற பேச்சு உது?"

நான் தாளை மேசையில் வைத்தேன்.

"என்ர வாயில இருந்து எடுத்து என்ர காதுக்குள்ளயே ஊத்துறீரோ? நான் அந்தப் பேச்சை எழுத எவ்வளவு நாள் எடுத்தது தெரியுமே? என்ர சிநேகிதன்மார் நாலு பேர் செத்துப்போன பள்ளிக்கூடம் பிள்ளை அது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வியாழக்கிழமை உங்கட ஒஃபீசுக்கு வாறன். மகளின்ர பைலை எடுத்து வையும். இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

ரேச்சல் என்னோடு பஸ் தரிப்பிடம்வரை நடந்தாள். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அந்த வயதுப் பிள்ளையிடம் ஆறுதல் எதிர்பார்க்கும் அளவுக்குத் துணிச்சல் இருந்தது.

"மிஸ், நீங்கள் அப்பாவை வெல்லப் பாக்கிறீங்கள்" என்றாள். "எனக்கு வெல்லத் தேவையில்லை. ஐ ஜஸ்ட் வோன்ற் டு கோ. அவர் சண்டையில தோத்துப்போய் சைன் வச்சா நான் அங்க போய் எப்பிடிப் படிக்கிறது?"

பஸ் வந்துவிட்டது. ஏறினேன்.

வியாழக்கிழமை காலை எனக்குப் பல் பிடுங்கினார்கள். முன்பே குறித்த நேரம், தள்ளிப்போட முடியவில்லை. மரியதாஸ் அங்கிளும் ரேச்சலும் வந்தபோது என் வாயில் பாதி மரத்துப்போய், பஞ்சு கடித்தபடி இருந்தேன். "வணக்கம்" என்றேன். அது வேறு ஏதோவாக வெளியே வந்தது. அங்கிளின் முகத்தில் முதன்முறையாக என்மேல் ஓர் இரக்கம் தெரிந்தது.

பைலை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கினார், ஆனால் எழும்பவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்தார். அவள் அன்றும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தாள். அவர் ஆங்கிலத்தில், சங்கக் கூட்டத்தில் ஒரு விளக்கம் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"அங்கே படித்து முடித்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பார்களா?"

"ஒவ்வொரு ஒக்ரோபரும். எண்பது வயதுக்காரர்கூட வருவார். வந்து, சாப்பாடு முன்பு போல இல்லை என்று முறைப்பாடு செய்வார்."

அங்கிள் தலையாட்டினார். "ரொறன்ரோவிலும் எங்கள் சங்கம் ஒன்று இருக்கிறது" என்றாள் அவள்.

"பதினொரு பேர்."

"சண்டை பிடிப்பீர்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன்: வேண்டாம், ஒற்றுமையாக இருக்கிறோம் என்று சொல். "இரண்டாகப் பிரிந்துவிட்டோம்" என்றாள். "ஆறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் ஒரு பக்கம். கோடை ஒன்றுகூடலை எந்தப் பூங்காவில் வைப்பது என்பதில் வந்தது. இப்போது இரண்டு பூங்காவில் நடக்கிறது."

மரியதாஸ் அங்கிளின் தோள்கள் இறங்கின. பல நாள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ விட்டுப்போன மாதிரி. ரேச்சலைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "அப்ப நல்ல பள்ளிக்கூடமாத்தான் இருக்கவேணும்." வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் சங்கமும் இரண்டாக உடைந்த சங்கம். ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் பெரிய மனிதர்கள் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு ஏதோ செய்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. என் பன்னிரண்டு நிரல்களில் இதற்கு இடம் இருக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு நேரம் எடுத்தார். பைலின் நுனியை மடித்து நிமிர்த்தினார்.

"அங்கே என் பிள்ளையைப் பார்த்து, நீ யார் என்று கேட்பார்களா?"

இந்த இடத்தில் என் வாய் இயங்கியிருந்தால், கேட்கவே மாட்டார்கள் அங்கிள் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஒரு ஸ்லைட்கூட உண்டு அதற்கு.

"கேட்பார்கள்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "முதல் கிழமையே. என்னைக் 'கனடாக்காரி' என்று ஒரு வருடம் கூப்பிட்டார்கள். அவள் பெயர், அவள் பேச்சு, அப்பா எங்கே, எல்லாம் கேட்பார்கள். ஆனால் சாப்பாடு பரிமாற வந்தாயா என்று கேட்கமாட்டார்கள்."

மண்டபத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. ரேச்சலும் இல்லை என்றாள் பிறகு. அவளுக்கே எங்கோ, எத்தனையோ தடவை நடந்திருக்கும்.

மரியதாஸ் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை மகள்" என்றார். "அந்த மனிசிக்கு. வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"தெரியும் அப்பா. கண்டனான்."

"நீ அங்க போனா முழுக்க அம்மாவின்ர பக்கம் போயிடுவாய் எண்டு எனக்குப் பயம்."

"நான் என்ன பந்தா அப்பா, அங்கால இங்கால போக?" என்றாள் ரேச்சல். கண் கலங்கியிருந்தது, குரல் மன்னாராகிவிட்டது. "இஞ்ச எங்க போனாலும் முதல் பத்து நிமிசம் நான் ஆர் எண்டு சொல்லவேணும். கோயில்ல, ஸ்கூல்ல, உங்கட கூட்டத்தில. எனக்கு அலுத்துப்போச்சு. நாலு வருசம் அந்தப் பத்து நிமிசத்துக்கு வேற ஏதும் செய்து பாக்கிறன். பிறகு வாறன். நான் உங்கட பிள்ளைதானே, எங்க போறது?"

அங்கிள் பேனா கேட்டார். என் மேசையில் மூன்று பேனா இருந்தன, மூன்றையும் கொடுத்தேன்.

ரேச்சல் இப்போது இரண்டாம் வருடம். இதில் எதையும் வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தவணையில் இரண்டு தடவை அழுது போன் எடுத்தாள், வெந்நீருக்கு ஒரு தடவை, தனிமைக்கு ஒரு தடவை. அங்கே போய் முழுக் கறுப்பினப் பெண்ணாக நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தவளை, விடுதி முழுவதும் 'தமிழ்ப் பிள்ளை' என்றுதான் அறிந்திருக்கிறதாம். ரொறன்ரோவில் பதினேழு வருடம் கிடைக்காத பட்டம். ஞாயிறுகளில் அறைத்தோழிகளுக்கு இடியப்பம் பிழிய முயல்கிறாள். அப்பாவிடம் வீடியோவில் கேட்கிறாள், அவருக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து பிழையாகப் பிழிகிறார்கள். இரசாயனம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போகுது மிஸ், அதைப் பற்றி எனக்கும் ப்ரொஃபெசருக்கும் மட்டும்தான் கவலை" என்றாள்.

அந்தக் கல்லூரிகள் இன்றைக்கும் தேவையா என்று உங்களிடம் பெற்றோர் கேட்பார்கள். என்னிடம் முன்பு நாற்பத்திரண்டு பதில் இருந்தன. இப்போது, எந்தப் பிள்ளைக்கு என்று திருப்பிக் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் சொல்ல வாய் உன்னும். அப்போது பக்கத்து மேசைக்காரி நாற்காலியை உருட்டுகிற சத்தம் கேட்கும்.

இந்த ஒக்ரோபர் நீண்ட வார இறுதியில் வர்ஜீனியா போய்வர ஒரு வாடகை வான் எடுத்திருக்கிறோம். தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்ப முடியாது என்று சொன்ன மூன்று தகப்பன்மாரும் அந்தப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு குடும்பம் சோமாலியா, ஒன்று கயானா, ஒன்று நம் மட்டக்களப்பு. அந்த மட்டக்களப்புப் பையனுக்கு ஏன் அங்கே போகவேண்டும் என்று இன்னும் யாருக்கும் புரியவில்லை, அவனுக்கும் சரியாகத் தெரியாது. போய்ப் பார்த்தால் தெரியும் என்கிறான். ஓட்டுவது மரியதாஸ் அங்கிள். சுற்றிக் காட்டுவது ரேச்சல். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: முதல் நாள் முழுவதும் வந்தவர்கள் யாரும் எதையும் யாருக்கும் விளக்கக் கூடாது, நடக்கலாம், பார்க்கலாம், சாப்பிடலாம், கேள்வி கேட்கலாம். தகப்பன்மார் மூவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். என்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று நேற்றும் செய்தி அனுப்பியிருந்தாள்.

சரி என்று எழுதிவிட்டேன். ஒரு முழுநாள். என்னால் முடிகிறதா பார்ப்போம்.